அடுப்பணைந்த வீடு: ஆர்னல் கிராமத்து இடிபாடு ஒன்றின் ஆய்வு

ஆர்னல் கிராமத்துக்கு ஒரே தெருதான். ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் என்றொரு தீவு. அதன் துறைமுக நகரமான ஸ்டோர்னவேயிலிருந்து மேற்குக் கரைக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால், பெருஞ்சாலையிலிருந்து கடலை நோக்கி ஒரு கிளைச்சாலை பிரிகிறது. அதுதான் தெரு. இருபுறமும் வீடுகள், வீடுகளை ஒட்டி நாடாவை விரித்துப் போட்டது போல ஒடுங்கி நீண்ட வயல்கள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. காற்று மட்டும் ஓய்வதில்லை.

இந்தத் தெருவில் 42 என்ற எண்ணுள்ள கல் வீடு, 'கறுப்பு வீடு' என்று இங்கே அழைக்கும் வகையைச் சேர்ந்தது. அதற்குக் கூரை இருக்கிறது. உள்ளே அடுப்பு எரிகிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறார்கள். தெருவுக்கு மறுபக்கம் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கட்டடம் கூரையில்லாமல், வெறும் சுவர்களாக, தலையில் புல் முளைத்து நிற்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வீட்டில் அரைமணி நேரம் இருப்பார்கள்; இரண்டாவதற்கு அரை நிமிடம் கொடுத்தால் அதிகம். நான் எடுத்துக்கொண்டது அந்த அரை நிமிடக் கட்டடத்தை.

இரண்டுக்கும் ஒரே கல், ஒரே காற்று, ஒரே கைப்பழக்கம். ஒன்று நிற்கிறது, ஒன்று விழுந்தது. ஏன் என்று கேட்டால், "கவனிப்பார் இல்லை, மழை பெய்தது, விழுந்துவிட்டது" என்பார்கள். தவறில்லை. ஆனால் மூச்சு நின்றதால் நோயாளி இறந்தார் என்று எழுதிக் கொடுக்கும் சான்றிதழுக்கு என்ன மதிப்போ, அந்தப் பதிலுக்கும் அதே மதிப்புதான்.

வயதைப் பற்றி

சுவரைத் தொடும் முன் இரண்டு தப்பெண்ணங்களை ஒதுக்கிவிட வேண்டும். முதலாவது, இவை ஆயிரம் ஆண்டுப் பழமை என்பது. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். செதுக்காத கல், ஜன்னல் என்று சொல்லத் தயங்கும் அளவுக்குச் சிறிய துளைகள், புகைபோக்கி இல்லாத கூரை. ஆனால் 42ஆம் எண் வீடு கட்டப்பட்டது 1885 வாக்கில். அதே நாட்டில், எடின்பரோவுக்கு அருகே, ஃபோர்த் ரயில் பாலத்தின் உருக்குக் குழாய்களை ஆணியடித்து இணைத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. கட்டும் முறை பழையது. நாம் பார்க்கும் கட்டடங்கள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 'கறுப்பு வீடு' என்ற பெயர்கூட, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய 'வெள்ளை வீடுகள்' வந்த பிறகு, அவற்றிலிருந்து பிரித்துச் சொல்வதற்காகப் பரவிய பெயர்தான். அதற்கு முன்பு அது வெறும் வீடு.

இரண்டாவது தப்பெண்ணம் இன்னும் ஆழமானது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் கூரையில்லாத கல் வீட்டைக் கண்டால், நிலவுடைமையாளர் குடிகளை விரட்டி வீட்டுக்குத் தீ வைத்த 'கிளியரன்ஸ்' காலத்து எச்சம் என்று உடனே முடிவு கட்டுவது வழக்கம். சதர்லாந்துச் சீமையின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814லும் 1819லும் அப்படித்தான் நடந்தது. லூயிஸ் தீவிலும் ஊகைப் போன்ற பகுதிகளில் ஊர் ஊராகக் காலி செய்யப்பட்டது. ஆனால் ஆர்னல் காலி செய்யப்பட்ட ஊர் அல்ல. இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். இந்த இடிபாட்டுக்கு அருகிலேயே 1920களில் எழுந்த வெள்ளை வீடு நிற்கிறது. துரத்தப்பட்டவர்கள் அடுத்த வாசலில் வீடு கட்டுவதில்லை.

எனவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். ஏடுகள் அதிகம் உதவுவதில்லை. இத்தகைய வீட்டுக்கு வரைபடம் கிடையாது, கொத்தனார் கணக்கு கிடையாது. ஸ்டோர்னவேயில் 1754 வாக்கில் பிறந்த காலின் மெக்கன்சிதான் பிற்காலத்தில் தென்னிந்தியா முழுவதும் ஆள்வைத்து ஊர் வரலாறுகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஓலைகளையும் திரட்டியவர். அந்தத் தொகுப்பின் ஒரு பெரும்பகுதி இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அவர் பிறந்த தீவின் குடியானவன் வீட்டை அறிய வேண்டுமானால் சுவரைத்தான் சுவடியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

சுவர்

இடிபாட்டுக்கு ஒரு வசதி உண்டு. முழு வீட்டில் மறைந்திருப்பது இங்கே திறந்து கிடக்கிறது. சுவரின் வெட்டுமுகத்துக்கு முன்னால் நின்று பார்த்தால், அது ஒரு சுவரே அல்ல, இரண்டு சுவர் என்பது புரியும். வெளிப்பக்கம் ஒரு கல் வரிசை, உட்பக்கம் ஒரு கல் வரிசை, நடுவே மண்ணும் பொடிக்கல்லும் போட்டு இறுக்கிய நிரப்பு. எல்லாம் சேர்ந்து ஒன்றரை மீட்டர், சில இடங்களில் இரண்டு மீட்டர் வரை கனம். சாந்து என்பதே இல்லை. கல் லூயிஸ் தீவுக்கே பெயர்போன 'நைஸ்' (gneiss) என்னும் பாறை. பிரிட்டனின் மிகப் பழைய பாறை அது. அதன் மூத்த பகுதிகளுக்கு 300 கோடி ஆண்டு வயது. உளிக்கு எளிதில் இணங்காது. அதனால் செதுக்க முயலவே இல்லை. வயலைத் திருத்தும்போது கிடைத்த கல்லை, அதற்கேற்ற பள்ளம் பார்த்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

மூலைகளைக் கவனிக்க வேண்டும். எங்குமே கூர்மூலை இல்லை. எல்லாம் உருண்டு திரும்புகின்றன. சதுரமாகச் செதுக்கிய மூலைக்கல் இல்லாமல் கட்டுவதற்கு அதுவே வழி. அப்படித் திரும்பும் சுவரைக் காற்றும் வழுக்கிக்கொண்டு போய்விடும். இரண்டில் எது முதல் நோக்கம் என்று வாதிடுவதில் பயனில்லை.

இனி ஒரு பொறியாளரின் வயிற்றைக் கலக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நாம் அறிந்த கூரை எதுவும் சுவரைத் தாண்டி வெளியே நீண்டு, மழைநீரைச் சுவரில் படாமல் எட்டத் தள்ளும். அதற்குத்தான் இறவாரம். கறுப்பு வீட்டுக்கு இறவாரம் கிடையாது. கூரை உட்சுவரின் தலையில் தொடங்குகிறது. அதற்கு வெளியே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகும் அகலத்துக்குச் சுவரின் தலை வெட்டவெளியில் கிடக்கிறது. கூரையில் விழும் மழை முழுவதும் நேராக அங்கேதான் இறங்கும். அந்தத் தலையைப் புல்லோடு பெயர்த்த மண்பாளங்களால் மூடியிருப்பார்கள். நீரில் ஒரு பங்கு வெளிப்பக்கம் வழிந்துவிடும். ஒரு பங்கு நடு நிரப்புக்குள் கசியும்.

சுவருக்குள் தண்ணீர் விடுவதா? ஆம், அறிந்தேதான். ஈரமான மண் உப்பிக் கல் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும், காற்று ஊடுருவாது. சாந்தில்லாத சுவரில் புயலை நிறுத்துவது கல் அல்ல, இந்த ஈர மண். இறவாரம் வைத்திருந்தால் அட்லாண்டிக் காற்று அதைப் பிடித்துக் கூரையையே தூக்கிப் போயிருக்கும். அதனால் ஈரத்தை ஏற்றுக்கொண்டு காற்றை வென்றிருக்கிறார்கள். ஆனால் இந்த ஏற்பாடு நிற்க ஒரு நிபந்தனை உண்டு: உள்முகம் காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நிபந்தனையை நிறைவேற்றியது நடு அறையின் அடுப்பு.

கூரையும் அடுப்பும் மாடும்

இங்கே மரம் இல்லை என்றேன். கூரைக் கழிகள் கடல் ஒதுக்கிய கட்டைகள், உடைந்த படகின் துண்டுகள், விலைக்கு வாங்கிய சில உத்தரங்கள். வீட்டிலேயே விலைமதிப்புள்ள பொருள் அதுதான். குடி பெயர்கிறவர்கள் கழிகளைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். அதனால் ஓர் இடிபாட்டில் கூரை இல்லை என்றால் அது இற்று விழுந்தது என்று உடனே எழுதிவிடக் கூடாது. எடுத்துப் போயிருக்கலாம்.

கழிகளின் மேல் மண்பாளம், அதன் மேல் வைக்கோல். அதை இறுக்கிப் பிடிக்கக் குறுக்கே பிரிகள். ஹெதர் புதரிலிருந்து முறுக்கியவை, பிற்காலத்தில் பழைய மீன்வலைகள். பிரிகளின் நுனியில் தலைகாணி அளவுக் கற்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். 42ஆம் எண் வீட்டில் இன்றும் வரிசையாகத் தொங்குவதைப் பார்க்கலாம். ஓர் ஆணி கிடையாது. ஒரு கல்லைக் கையால் தள்ளினால் லேசாக ஆடி மீண்டும் தன் இடத்தில் நிற்கும். காற்று வந்தால் விறைத்து நிற்காமல் கொஞ்சம் இடம் கொடுக்கும் கூரை அது.

உள்ளே தரையின் நடுவில் அடுப்பு. எரிபொருள் பீட்: சதுப்பு நிலத்தில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மக்கிப் படிந்த கரிமண்ணைச் செங்கல் போல வெட்டி, காய வைத்து, வீட்டுப் பக்கத்தில் மீன்முள் வரிசைபோல அடுக்கி வைத்திருப்பார்கள். புகைபோக்கி இல்லாததால் புகை அறை முழுவதும் மிதந்து வைக்கோல் வழியாக மெல்லக் கசிந்து வெளியேறும். அடுப்பு அணைவதே இல்லை. இரவில் தணலைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுப்பார்கள். விடிந்ததும் நீறுபூத்த நெருப்பைக் கிளறி இரண்டு கட்டி வைத்தால் போதும். கொளுத்தும் வேலை இல்லை.

அதே கூரையின் கீழ், அதே வாசல் வழியாக நுழைந்து, மனிதர் ஒரு பக்கம் திரும்புவார்கள், மாடு மறு பக்கம் திரும்பும். தொழுவம் தரைச்சரிவின் தாழ்ந்த முனையில். நடுவே கழிவுநீர் வாய்க்கால். குளிர்காலம் முழுவதும் சாணத்தை அள்ளுவதில்லை. அது அப்படியே ஏறும். வசந்தத்தில் மொத்தமாக வெட்டியெடுத்துக் கூடையில் முதுகில் சுமந்து வயலுக்குக் கொண்டுபோவார்கள். சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பின்புறம், வீட்டை ஒட்டி ஓடும் இன்னொரு நீளக் கட்டடம் களஞ்சியம். அதன் வாசலுக்கு நேரெதிரே சுவரின் அடியில் ஒரு துளை. குழந்தை தவழ்ந்து போகலாம், அவ்வளவுதான். நாய்க்கு விட்ட வழி என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அது தூற்றும் துளை. கதவையும் துளையையும் திறந்துவிட்டால் நடுவே நேர்க்காற்று ஓடும். அடித்த கதிரை அந்தக் காற்றில் கொட்டினால் தானியம் காலடியில் விழும், பதர் பறக்கும். பொலி தூற்றக் காற்றுக்குக் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். இங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை, மழை இல்லாத களத்துக்குத்தான் பஞ்சம். அதனால் களத்தையே கூரைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதுவரை தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூரையின் வைக்கோலில் ஓராண்டுப் புகைக்கரி படிகிறது. கோடை தொடங்கும் முன் அந்தக் கரிபடிந்த வேய்ச்சலை உரித்து உருளைக்கிழங்கு வயலில் போடுகிறார்கள், முதல்தர எரு. வயலில் வாற்கோதுமை விளைகிறது. லூயிஸில் அதை அரிவாளால் அறுக்காமல் வேரோடு பிடுங்குவது வழக்கம். கூரைக்கு நீளத் தாள் வேண்டுமே. புதுத் தாள் கூரைக்கு ஏறுகிறது, மிச்சம் மாட்டுக்கு, மாட்டின் சாணம் வயலுக்கு. மாட்டின் உடல்சூடு வீட்டுக்கு. அடுப்புப் புகை கூரைக் கழிகளில் பூச்சி அண்டாமல் காக்கிறது. அதன் வெப்பம் ஈரச்சுவரின் உள்முகத்தைக் காய வைக்கிறது. ஆக, கூரை என்பது தலைக்கு மேல் தொங்கும் ஓர் எருக்குழி. வீடு, வயலின் ஓர் உறுப்பு. ஆண்டுதோறும் பாதி உரித்துப் பாதி கட்டினால்தான் அது வீடு.

சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கண் எரியும், ஒழுகும்போது கரிநீர் சொட்டும், காசநோய் நுழைந்த வீட்டில் ஒருவர் மூச்சை எல்லோரும் சுவாசிக்க வேண்டும். இந்த வீடுகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதில் ஒரு பிப்ரவரியைக் கழிக்காதவர்கள்.

விழுந்த வரிசை

மாட்டையும் மனிதரையும் பிரித்துச் சுவர் வை, ஜன்னல் வை, புகைபோக்கி வை என்று எஸ்டேட் நிர்வாகமும் சுகாதார அதிகாரிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நெடுகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மக்கள் கேட்கவில்லை. சோம்பல், அறியாமை என்று அறிக்கைகளில் எழுதி வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் குடியானவன் பக்கம்தான் நியாயம். அவன் கையில் இருந்தது 'கிராஃப்ட்': ஒரு துண்டு குத்தகை வயல், ஊர்ப் பொது மேய்ச்சலில் ஒரு பங்கு. வீட்டைக் கட்டுவது குத்தகைதாரர் பொறுப்பு. கட்டி முடித்தால் அது நிலவுடைமையாளர் சொத்து. அடுத்த ஆண்டே வெளியேறச் சொன்னால் இழப்பீடு இல்லை. லூயிஸ் தீவு முழுவதும் 1844இல் ஒரே ஆளுக்கு விலையானது. வாங்கியவர் சீனத்து அபினி வணிகத்தில் பொருள் சேர்த்த ஜேம்ஸ் மாதிசன். 1850களின் தொடக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 2,000 பேர் தீவிலிருந்து கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த நிலைமையில் சுண்ணாம்பு வாங்கிச் சாந்து குழைப்பவன் முட்டாள். கழற்றி எடுத்துப் போகக்கூடிய கூரையும், போனால் போகிறதென்று விட்டுவிடக்கூடிய கல்லும்தான் புத்திசாலித்தனம்.

1874இல் பெர்னரா தீவினர், 1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் ஊரார் என்று குடியானவர்கள் எதிர்த்து நிற்கத் தொடங்கிய பிறகு, 1883இல் அரசு அமைத்த நேப்பியர் ஆணையம் ஊர் ஊராக வந்து சாட்சியம் கேட்டது. 1886இல் கிராஃப்டர் சட்டம் வந்தது. வாடகை கட்டி நிபந்தனைகளைக் காப்பாற்றும் வரை வெளியேற்ற முடியாது. வாடகையை நியாயமாக நிர்ணயிக்க ஆணையம். விட்டுப் போனால் செய்த மேம்பாட்டுக்கு இழப்பீடு. பிள்ளைக்கு எழுதி வைக்கும் உரிமை. கிராஃப்ட் என்பது நாற்புறமும் சட்டவிதிகளால் சூழப்பட்ட சிறு நிலப்பரப்பு என்று அங்கே ஒரு கிண்டல் உண்டு. அந்த விதிகள்தான் சாந்துக்கு வழி திறந்தன.

42ஆம் எண் வீடு அந்தச் சட்டத்துக்கு ஓரிரு ஆண்டு முன்பு பழைய முறையில் எழுந்தது என்பதை நினைவில் வைக்கவேண்டும். சட்டம் வந்த மறுநாளே எல்லோரும் சுண்ணாம்பு குழைத்துவிடவும் இல்லை. அதன் பிறகும் கறுப்பு வீடுகள் கட்டப்பட்டன. ஆனால் போக்கு மாறிவிட்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான வேளாண்மை வாரியம் வீடு கட்டக் கடனும் உதவியும் கொடுத்தது. கப்பலில் உரம் வந்தது, தகரம் வந்தது, கூரைக்குப் போடும் தாரிட்ட ஃபெல்ட் விரிப்பு வந்தது. 1919 புத்தாண்டு அதிகாலையில், போர் முடிந்து ஊர் திரும்பியவர்களை ஏற்றிவந்த 'அயோலேர்' கப்பல் ஸ்டோர்னவே துறைமுக வாயிலில் பாறையில் மோதி 201 பேர் இறந்தார்கள். 1923இல் 'மெட்டகாமா' கப்பலில் இளைஞர்கள் கூட்டமாகக் கனடா போனார்கள். ஆண்டுதோறும் கூரையை உரித்து வேய்வதற்குத் தோள்கள் வேண்டும். அவை குறைந்தன.

இந்த வகை வீடு விழும் வரிசை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். குடும்பம் பக்கத்து வெள்ளை வீட்டுக்கு மாறுகிறது. மாடு மட்டும் பழைய வீட்டில் தங்குகிறது. அதாவது அடுப்பு போய்விட்டது. அன்றே கணக்கு முடிந்துவிட்டது என்பது என் முடிபு. புகை இல்லாத வைக்கோல் எருவுக்கு ஆகாது. எருவுக்கு ஆகாத கூரையை ஆண்டுதோறும் மாற்றக் காரணம் இல்லை. பிரி இற்றுக் கல் ஒன்று கழன்று விழுகிறது. ஒரு புயலில் ஓரம் பெயர்கிறது. நல்ல கழிகளை யாரோ வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மாடும் போய், கட்டடம் சில காலம் ஆட்டுப் பட்டியாகவோ தறி வைக்கும் கொட்டகையாகவோ இருக்கிறது.

பிறகு சுவரின் முறை. முன்பு கூரை நீரை ஏந்திக்கொண்ட அதே சுவர்த்தலை, இப்போது உள்ளும் புறமும் மழை வாங்குகிறது. உலர்த்த நெருப்பு இல்லை. நடு நிரப்பின் பொடிமண் கரைந்து அடியில் இறங்க, அடிப்பகுதி வயிறு தள்ளுகிறது. வெளிக்கல் ஒன்று பிதுங்கி விழுந்தால் அதன் மேல் இருந்தவையும் சரிகின்றன. மண்ணுக்குள் பாதி புதைந்த உள்முகம் அதிக நாள் தாங்குகிறது. ஆர்னல் இடிபாட்டில் உள்வரிசை இன்றும் ஒழுங்காக நிற்பதும், வெளிவரிசை ஆங்காங்கே வாய் பிளந்திருப்பதும் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன. பக்கத்துப் புது வீட்டுக்கோ வேலிக்கோ கல் தேவைப்பட்டபோது எளிதில் கைக்கு வந்ததும் அந்த வெளிவரிசைக் கற்கள்தான்.

எனவே இறப்புக் காரணம் என்ற பத்தியில் நான் எழுதுவது: குத்தகை உரிமை. உரிமை கிடைத்தது, நிலைத்த வீடு கட்டும் துணிவு வந்தது, அடுப்பு இடம் மாறியது. மழையும் காற்றும் மிச்ச வேலையைச் செய்தன.

பிறகு என்ன செய்வது

ஆண்டுதோறும் மாற்றப்படுவதற்காகவே கட்டிய ஒன்றை மாறாமல் பாதுகாப்பது எப்படி? லூயிஸில் மூன்று பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். சில மைல் தெற்கே கேரனின் கிராமத்தில் கடைசிக் குடியினர் 1974இல் வெளியேறினார்கள். 1989இல் ஓர் உள்ளூர் அறக்கட்டளை அமைந்து, வீடுகளை மீண்டும் வேய்ந்து, உள்ளே குளியலறையும் மின்சாரமும் வைத்து விடுமுறை விடுதியாக்கியது. வெளித்தோற்றம் கச்சிதம். உள்ளே சென்றால் நல்ல ஓட்டல் அறை. ஊர் பிழைக்க அதுவும் ஒரு வழி, குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆர்னலின் 42ஆம் எண்ணில் 1960களின் நடுப்பகுதி வரை குடும்பம் வாழ்ந்தது. அவர்கள் போன பிறகு அரசின் தொல்லியல் துறை ஏற்றுக்கொண்டு, வாழ்ந்த கோலத்திலேயே வைத்திருக்கிறது. மூன்றாவது, நமது இடிபாடு. அதைத் திரும்பக் கட்டவில்லை. தளர்ந்த கற்களை நிறுத்தி, இருக்கும் நிலையில் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். மூன்றிலும் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது இதுதான். சுவருக்குள் மண் இருப்பதை முழு வீடு காட்டாது. சுவர்த்தலையின் அகலத்தை, தூற்றும் துளையின் உயரத்தை, வாய்க்காலின் சரிவை வானத்து வெளிச்சத்தில் பார்க்க முடிகிறது. கூரை இழந்த வீட்டுச்சுவரை, தீவின் பழைய மொழியான கேலிக்கில் (Gaelic) 'டோட்டா' என்கிறார்கள். பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். லூயிஸ்காரர்கள் வீட்டுக்குக் கூரை இருக்கும்போதே அதன் அகன்ற சுவர்த்தலைக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள்.

எதிர்ப்புறம், கண்காட்சியாகிவிட்ட வீட்டில், பணியாளர் ஒருவர் பீட் அடுப்பை எரிய வைக்கிறார். பார்வையாளருக்காக மட்டும் அல்ல. நெருப்பில்லாமல் அந்தக் கூரையும் சுவரும் நிற்காது. வெளியே வந்த பிறகும் சட்டையில் புகைவாடை நெடுநேரம் இருக்கிறது. தொழுவத்துப் பக்கம் திரும்பினால் மாடு இல்லை, வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது.